பதினான்காவது வரி

பதிமூன்றாவது வரி வரைக்கும் சாருமதிக்கு நினைவிருந்தது. பதினைந்திலிருந்து கடைசி வரைக்கும்கூட நினைவிருந்தது. இடையில் நின்ற பதினான்காவது வரியைத்தான் அவள் எழுதவில்லை. மணி இரண்டு. பால்கனிக் கம்பிகளின் நிழல் தரையில் படுத்து, மேசைக்காலைத் தொட்டும் தொடாமலும் கிடந்தது. மடிக்கணினியின் கறுப்புத் திரையில், ஓரத்து எண்களுக்குப் பக்கத்தில், மங்கிய சாம்பல் எழுத்தில் 'இதை நீ முன்பே எழுதிவிட்டாய்' என்றிருந்தது. வரியின் தலையில் # என்ற குறி. அந்தக் குறி போட்ட வரியை இயந்திரம் படிக்காது, அது மனிதர் மனிதருக்கு எழுதி வைக்கும் குறிப்பு என்று ஃபர்ஸானா சொல்லிக் கொடுத்திருந்தாள். புத்தூர் நூலகத்து மாடியில் ஞாயிறு காலைகளில் இலவசமாக நிரல் எழுதக் கற்றுத்தரும் பெண் ஃபர்ஸானா. இந்த மென்பொருளை இறக்கிக் கொடுத்தவளும் அவள்தான். "காசு கிடையாது ஆன்ட்டி, பூட்டும் கிடையாது. இதை எப்படிச் செஞ்சாங்கன்னு யார் வேணும்னாலும் உள்ள போய்ப் பாக்கலாம். இதுல ஒளிஞ்சிருக்கறது ஒண்ணுமேயில்ல." ஒளிந்திருப்பது ஒன்றுமில்லை. அப்போது அது ஆறுதலாக இருந்தது, கதவெல்லாம் திறந்து வெளிச்சம் வரும் வீட்டைப் போல. இப்போது அதே சொல் வேறு முகம் காட்டியது. எல்லாக் கதவும் திறந்திருக்கும் வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் வந்து போகலாம் அல்லவா. சாருமதி நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து வரியை மறுபடி படித்தாள். மனிதர் மனிதருக்கு எழுதி வைக்கும் குறிப்பு. எந்த மனிதர், எந்த மனிதருக்கு.

வாசல் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கனகா காலையில் வந்து பாத்திரம் கழுவி, படுக்கை விரித்து, ஒன்பது மணிக்கெல்லாம் போய்விடுவாள். அவளுக்கு இந்தப் பெட்டியைத் தொடப் பயம், "ஷாக் அடிக்குமாக்கா" என்று கேட்டுத் துடைப்பத்தை அதன் பக்கமே கொண்டுபோக மாட்டாள். வேறு யார். மாடிவீட்டுக் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. மூன்றாவதா, அல்லது முதல் இரண்டை அவள் எண்ணிக்கொண்டதாக நினைத்தாளா. சமையலறைத் தொட்டியில் இரண்டு டம்ளர் கவிழ்ந்து கிடந்தன, ஒரு காப்பிதானே குடித்தோம் என்று தோன்றியது, கனகா கழுவாமல் விட்டிருப்பாள் என்று அந்த எண்ணத்தை ஒதுக்கினாள், ஒதுக்கிய எண்ணம் கவிழ்ந்த டம்ளரைப்போல அங்கேயே இருந்தது. பெட்டியே எழுதியிருக்குமோ. இது இரண்டெழுத்து அடிப்பதற்குள் முழுச் சொல்லையும் கீழே விரித்து நீட்டும் பெட்டி. முதல் வாரம் அதைக் கண்டு அவளுக்கு மேல் சிலிர்த்தது. 'ஊ' என்று தொடங்கினால் 'ஊர்_பெயர்' என்னும், 'இ' என்றால் 'இணைப்பு' என்னும். "மந்திரமெல்லாம் இல்ல ஆன்ட்டி, நீங்க முன்னாடி எழுதின சொல்லைத்தான் உங்ககிட்டயே திருப்பிக் குடுக்குது" என்று ஃபர்ஸானா சிரித்தாள். பெட்டி தானாக எதையும் சொல்லாது. யாரோ சொன்னதைத்தான் சொல்லும். மின்விசிறியின் ஒரு இறகு மட்டும் மற்ற இரண்டைவிடச் சற்றுத் தாமதமாகச் சுற்றுவதுபோல் ஒரு ஓசை. அது நேற்றும் இருந்ததா. நேற்று மதியம் அவள் தூங்கினாள். தினமும் இரண்டிலிருந்து மூன்று வரைக்கும் தூங்குகிறாள், மூன்று மணிக்குத் தங்கை பத்மினி சேலத்திலிருந்து கூப்பிடும்போதுதான் விழிக்கிறாள். இன்றைக்குத்தான் தூக்கம் வரவில்லை என்று இங்கே வந்து உட்கார்ந்தாள். கண் தானாகப் படுக்கையறைப் பக்கம் போனது. காலையில் கனகா இழுத்துக் கட்டிய விரிப்பு, ஒரு மடிப்பில்லாமல், பறையின் தோல் மாதிரி கிடந்தது. நேற்று மாலை பார்த்தபோதும் அது அப்படித்தான் கிடந்தது. முந்தாநாள் மாலையும். தூங்கி எழுந்த படுக்கையில் ஒரு சுருக்கமாவது இருக்க வேண்டாமா.

அவள் எழுதிக்கொண்டிருந்த நிரல் ஒரு சின்ன ட்ரங்க் எக்ஸ்சேஞ்ச். வகுப்பில் மற்றவர்கள் கூட்டல், பெருக்கல், மதிப்பெண் பட்டியல் என்று எழுதினார்கள். "உங்களுக்கு என்ன தெரியுமோ அதைச் செய்யுங்க" என்று ஃபர்ஸானா சொன்னதும் சாருமதிக்குத் தெரிந்தது ஒன்றுதான். முப்பத்தெட்டு வருடம் தொலைபேசித் துறையில், அதில் முதல் பத்து வருடம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊர்களை ஊர்களோடு சேர்த்து வைத்தது. நிரலை ஓட்டினால் 'எந்த ஊர் வேண்டும்?' என்று கேட்கும். ஊர்ப் பெயரை அடித்தால் 'லைனில் இருங்கள்' என்று சொல்லும். பிறகு மறுபடி 'எந்த ஊர் வேண்டும்?' அவ்வளவுதான். அந்த நாளில் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு சீட்டு உண்டு. கேட்ட ஊர், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கடைசியில் ஆபரேட்டரின் எண். சாருமதியின் எண் நாற்பத்தேழு. எண் போடாத சீட்டு மேசையை விட்டு நகரக் கூடாது, சூப்பர்வைசரம்மா அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இந்தப் பிள்ளைக்கு அப்பன் யாரு?" என்று கேட்பாள், ஹாலே சிரிக்கும். அந்தப் பழக்கம் அவள் கையில் தங்கிவிட்டது. பால்காரனுக்கு எழுதும் துண்டுக் காகிதத்தில்கூட ஓரத்தில் 47 போடுவாள். நிரலில் அவள் எழுதிய ஒவ்வொரு குறிப்பு வரியின் முடிவிலும் 47 இருந்தது. மூன்றாவது வரியில், எட்டாவதில், இருபத்தொன்றில். பதினான்காவதில் இல்லை. அப்பன் பெயர் தெரியாத பிள்ளை. கை தவறி விட்டிருக்கும் என்று நினைக்கப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருடம் தவறாத கை. காதும் அப்படித்தான், இன்னும் தவறவில்லை. லைனில் ஒருவர் மூச்சை உள்ளே இழுப்பதை வைத்தே அவர் பொய் சொல்லப்போகிறாரா என்று அவளால் சொல்ல முடியும், சாவுச் செய்தி சொல்லப்போகிறவர்கள் எல்லோரும் முதலில் ஊரில் மழையா என்று கேட்பார்கள், காது இருக்கிறது, கை இருக்கிறது, பின்னே எது இல்லை.

நிரலை ஓட்டிப் பார்த்தாள். எந்த ஊர் வேண்டும். திண்டுக்கல் என்று அடித்தாள். லைனில் இருங்கள். எந்த ஊர் வேண்டும். கரூர். லைனில் இருங்கள். எந்த ஊர் வேண்டும். அது களைப்பதில்லை. முதல்முறை இதை ஓட்டியபோது நிறுத்தத் தெரியாமல் அவள் பதறிப்போய் மூடியையே சாத்திவிட்டாள். ஃபர்ஸானா அதற்கு ஒரு நாள் முழுக்க வகுப்பெடுத்தாள். "இது லூப் ஆன்ட்டி. வெளிய வர ஒரு வழி எழுதாம உள்ள அனுப்பிட்டா, பாவம், அது சுத்திக்கிட்டே கெடக்கும். தான் சுத்துறோம்னு அதுக்குத் தெரியாது. ஒவ்வொரு சுத்தும் அதுக்கு முதல் சுத்துதான்." அந்த இடத்தில் சாருமதி குறிப்பேட்டில் எழுதுவதை நிறுத்தினாள், அம்மாவின் குரல் அந்த நேரம் பார்த்துக் காதில் விழுந்தது. கதவைத் தாழ் போட்டியா சாரு? போட்டேம்மா. கதவைத் தாழ் போட்டியா? போட்டாச்சும்மா. சேலத்தில் பத்மினி வீட்டுப் பின்னறையில் அம்மா இருந்த இரண்டு வருடமும் அதே கேள்வி, அதே முகம், கேட்கிற ஒவ்வொரு முறையும் அப்போதுதான் நினைவு வந்தவளின் அதே சின்னத் திடுக்கிடல். சாருமதி விடுப்பெடுத்துக்கொண்டு போய் இருந்த நாட்களில் டாக்டருக்குக் காட்டுவதற்காக ஒரு காகிதத்தில் கோடு போட்டு வந்தாள். நாலு கோடு நின்றால் ஐந்தாவது கோடு குறுக்கே விழும். அம்மா ஒருநாள் அதை எடுத்துப் பார்த்தாள். "என்னடி இது, வேலி மாதிரி?" என்றாள். "சும்மா கிறுக்கினேம்மா" என்றாள் சாருமதி. அம்மா நெடுநேரம் அந்த வேலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பிற்பகல் அம்மா தெருவில் இறங்கி நடந்து பஸ் நிலையம் வரைக்கும் போய்விட்டாள், அன்றைக்குத்தான் அந்த அறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்தார்கள். ஆசாரியை அழைத்து வந்தது பத்மினி. முதல்முறை இழுத்துப் போட்டது சாருமதி. இரும்பு இரும்பில் விழுந்த அந்த ஓசைக்கு உள்ளேயிருந்து அம்மா, நிம்மதியாக, "போட்டுட்டியா சாரு?" என்றாள். அதற்குப் பிறகு அம்மா அதைக் கேட்கவேயில்லை. இறகு எதிலோ இடிப்பதுபோல் மின்விசிறி ஒருமுறை இடறிச் சுற்றியது. எந்த ஊர் வேண்டும், திரையில் அது இன்னும் காத்திருந்தது, பக்கத்தில் ஒரு சிறு கோடு விட்டுவிட்டு மின்னியது.

அழித்துவிட்டால் போயிற்று. ஒரு வரிதானே. விரல் அழிக்கும் விசையின் மேல் போய் உட்கார்ந்ததும் அந்த விசையின் வழவழப்பு அவளை நிறுத்தியது. மற்ற விசைகளில் எழுத்து தெளிவாக இருந்தது, இது மட்டும் தேய்ந்து பளபளத்தது. இத்தனைக்கும் பெட்டி வாங்கி ஏழு மாதம்தான். கற்றுக்கொள்கிறவர்கள் அழித்து அழித்துத்தானே எழுதுவார்கள் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே ஃபர்ஸானா இன்னொன்றும் சொன்னது நினைவுக்கு வந்தது. நடந்தது நடந்தபடி வரிசையாக இருக்குமாம், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அன்றைய பிரதியை அது தனியே எடுத்து வைத்துக்கொள்ளுமாம். "நீங்க அழிச்சாலும் இது மறக்காது ஆன்ட்டி." இடதுபக்கப் பட்டையில் கீழே, மடித்து வைத்த பகுதி ஒன்று இருந்தது. அதை ஒருநாளும் திறந்ததில்லை என்று சாருமதி நம்பினாள். அம்புக்குறி நேராக அங்கே போயிற்று. தேடவேயில்லை. இருட்டு அறையில் சுவிட்ச் இருக்கும் இடத்துக்குக் கை போவதுபோல் போயிற்று. பகுதி விரிந்தது. நேற்று, இரண்டு பத்து. நேற்று, இரண்டு நாற்பது. முந்தாநாள், இரண்டு பதினைந்து. அதற்கு முந்தின நாள். அதற்கும் முந்தின நாள். ஒன்பது நாள். எல்லாம் மதியம். எல்லாம் அவள் தூங்கிக்கொண்டிருந்த நேரம். கீழிருந்து முதலாவதைத் தொட்டாள். திரை இரண்டாகப் பிளந்து, இடப்பக்கம் பழையதும் வலப்பக்கம் புதியதும் நின்றன. அழித்த வரிகளுக்குப் பின்னால் சிவப்பு, சேர்த்த வரிகளுக்குப் பின்னால் பச்சை. பதினான்காவது இடத்தில், சிவப்பில், 'மதியம் தூங்கினேனா? விரிப்பு கலையவில்லை. 47' என்றிருந்தது. அடுத்ததைத் தொட்டாள். 'மதியம் தூங்கினேனா? விரிப்பு கலையவில்லை. 47.' அடுத்தது. அதேதான், ஒரு புள்ளி மாறாமல். நாலாவது நாள், 'இதை எழுதியது யார்? கனகா இல்லை. கதவு பூட்டியிருக்கிறது. 47.' ஐந்தாவது நாள், இரண்டரை மணிக்கு, 'பத்மினியிடம் சொல்லாதே. 47.' ஆறாவதிலும் சொல்லாதே. ஏழாவதில், 'அழித்துவிடு. வெளித் தாழ்ப்பாள். 47.' ஒவ்வொன்றும் எழுதப்பட்டு, சேமிக்கப்பட்டு, அரைமணிக்குள் அழிக்கப்பட்டிருந்தது. அழிக்கத் துணிவு வந்தவளும் எழுதியவளும் அவளேதான். அவளுக்குத்தான் அந்த இரண்டு பேரில் ஒருவரையும் தெரியவில்லை. கடைசியாக, நேற்று இரண்டு நாற்பதுக்கு, அந்தப் பெண் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தாள். முதலில் 47 போட்டு, பிறகு அந்த எண்ணை மட்டும் எடுத்திருந்தாள். கையெழுத்துப் போடவும் மனமில்லை, தடமில்லாமல் போகவும் மனமில்லை. சாருமதிக்கு அவள்மேல் இரக்கம் வந்தது, அடுத்த வீட்டில் இருக்கிற, பேர் தெரியாத, ஜன்னலோரம் மட்டும் தென்படுகிற ஒருத்திமேல் வருவதுபோல. பிளந்து நின்ற திரையின் இரண்டு பக்கத்திலும் தன் முகம் மங்கலாகத் தெரிந்தது. நடுக்கோடு மூக்கின் மேல் ஓடியது.

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பத்மினி அன்றைக்கே வருவாள், பெட்டி கட்டுவாள், இந்த இரண்டு அறையையும் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொள்வாள். சேலத்தில் அந்தப் பின்னறை இருக்கிறது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும், அடுப்பு, வாசல், பஸ் நிலையம். போன் மூன்று மணிக்கு அடித்தது. எடுத்ததும் பின்னால் தையல் இயந்திரங்களின் இரைச்சல். பத்மினியின் கடையில் ஆறு இயந்திரம், டீக்கு நிறுத்தும் நேரம் பார்த்துத்தான் அவள் கூப்பிடுவாள்.

"அக்கா, சாப்ட்டியா?"

"ஆச்சுடி."

"என்ன சாப்ட்டே? சும்மா ஆச்சுங்காதே. கனகா வச்ச கத்திரிக்காயை அப்படியே ஃப்ரிட்ஜுல சமாதி கட்டியிருப்பே."

"ரசம் சோறு."

"ரசம்னா குடிச்சேன்னு சொல்லணும். சரி, உன் பெட்டி என்ன சொல்லுது? இன்னிக்காவது எனக்கு லைன் குடுக்குமா, இல்ல திண்டுக்கல்லுக்கே போடுதா?"

அவளுக்கு நிரலைப் பற்றிச் சொல்லியிருக்கிறோமா. சொல்லியிருக்கலாம். திண்டுக்கல் என்று சொன்னோமா. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆறாவது நின்றதும் லைன் சுத்தமாயிற்று, பழைய நாளின் சில நல்ல லைன்களைப்போல, ஊர்களுக்கு நடுவே இருந்த தூரமே கேட்பதுபோல. சொல்லாதே என்று சிவப்பில் இருந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிடலாம், நாளை மதியம் மறுபடி தூங்கலாம். வெளியே வர ஒரு வழி எழுதாமல் உள்ளே அனுப்பினால் பாவம், அது சுற்றிக்கொண்டே கிடக்கும்.

"பத்மி" என்றாள். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். பயப்படாம கேளு. எனக்கு மதியத்துல ஒரு மணி நேரம் காணாமப் போகுது."

பத்மினி பதறவில்லை. என்ன அக்கா என்று கேட்கவில்லை. ஊரில் மழையா என்றும் கேட்கவில்லை. அந்தச் சுத்தமான அமைதிக்குள் சாருமதியின் காதில் ஒரு சின்ன ஓசை விழுந்தது. பந்துமுனைப் பேனா காகிதத்தில் இழுபடும் ஓசை. நேராக நிற்கும் கோடு இவ்வளவு நேரம் எடுக்காது. இது சரிவாக, நீளமாக, எதையோ குறுக்கே வெட்டிக்கொண்டு போன கோடு.

சாருமதி போனை மறுகாதுக்கு மாற்றினாள். "அது அஞ்சாவதாடி, பத்தாவதா?"

அந்தப் பக்கம் மூச்சு உள்ளே இழுபட்டு நின்றது. பொய்க்குத் தயாராகும் மூச்சு. பிறகு அது வெளியே போயிற்று.

"பத்து" என்றாள் பத்மினி.

"தெனமுமா சொல்றேன்?"

"தெனமும். அப்புறம் வராதேன்னு சத்தியம் வாங்கிக்கறே. அம்மா மேல. நான் என்ன பண்ணட்டும்? போன வாரம் பஸ் ஏறி நாமக்கல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பினேன். லூசு மாதிரி ஸ்டாண்டுல உக்காந்து அழுதுட்டு, ஒரு டீயைக் குடிச்சுட்டு."

"அந்தப் பேப்பரை யாருக்குக் காட்டப் போறே?"

"யாருக்குக் காட்ட? நீ அம்மாவுக்குப் போட்டதைப் பாத்தேன்ல. வேற என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல."

பம்பாய்க்கும் மதராசுக்கும் நடுவே ஒரு அழைப்புக்கு உரிய மூன்று நிமிடமும் யாரும் பேசாமலே ஓடிப்போனது உண்டு, ஆபரேட்டர் இடையில் புகக் கூடாது, காதை மட்டும் வைத்துக்கொண்டு நேரத்தை எழுத வேண்டும். பால்கனிக் கம்பியின் நிழல் இப்போது மேசைமேல் ஏறி விசைகளைக் குறுக்கே கோடு கோடாக வெட்டியிருந்தது. சாருமதி அதன்மேல் கை வைத்தாள், கோடுகள் கையின்மேல் ஏறிக்கொண்டன.

"இன்னிக்குச் சத்தியம் கேக்கல" என்றாள். "வா."

"என்னது?"

"கிளம்பி வான்னு சொல்றேன். ஆனா ஒண்ணு. அந்த ரூமுக்கு வெளிப்பக்கம்..."

"கழட்டிட்டேன்க்கா." பத்மினியின் குரல் உடைந்து, சிரிப்பதுபோல் வெளிவந்தது. "அதைத்தான் பத்து நாளும் கேட்டே. மூணாவது நாளே ஆசாரியைக் கூப்பிட்டுக் கழட்டியாச்சு. திருகாணி ஓட்டை நாலும் அப்படியே கெடக்கு, அடைக்கல. நீ வந்து விரலை விட்டுப் பாத்துக்கலாம்."

"பாப்பேன்."

"பாரு. இப்ப மூணரை பஸ் இருக்கு. ஏழு மணிக்குள்ள வந்துடுவேன். வேற எங்கயும் போகாதே. கதவைத் தாழ் போட்டுருக்கியா?"

அந்தக் கேள்வி வந்து இறங்கியதும் இரண்டு பேருக்குமே அது யாருடையது என்று தெரிந்தது. பத்மினி நாக்கைக் கடித்துக்கொண்ட ஓசைகூடச் சாருமதிக்குக் கேட்டது.

"போட்டிருக்கேன்" என்றாள் சாருமதி. "நீ வந்தா திறக்கிறேன். வைடி, பஸ்ஸை விட்டுடப் போறே."

வைத்த பிறகு வீடு மறுபடி அதன் ஓசைகளோடு வந்தது, மின்விசிறி, தூரத்தில் ஒரு காக்கை, மாடியில் யாரோ நாற்காலியை இழுப்பது. இந்த நிம்மதியை நம்பக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. இந்த மூன்று மணியில் எப்போது வேண்டுமானாலும் அந்தப் பெண் வரலாம், வந்தால் அவளுக்கு இந்தப் பேச்சு தெரியாது, வரியைப் பார்ப்பாள், திகைப்பாள், தேய்ந்த விசைமேல் விரலை வைப்பாள், பிறகு பத்மினியைக் கூப்பிட்டுச் சத்தியம் கேட்பாள். சாருமதி பதினான்காவது வரியின் முடிவுக்குப் போனாள். பழைய சீட்டில் எழுதும் அதே ஒழுங்கில் எழுதினாள். கேட்ட ஊர் சேலம். தொடக்கம் 3.00. முடிவு 3.14. பேசியாயிற்று, பத்மினி வருகிறாள், தாழ்ப்பாள் கழற்றியாயிற்று. கொஞ்சம் நிறுத்தி, 47 போட்டாள். சேமித்தாள். இடதுபக்கப் பட்டியலின் தலையில் புதிதாக ஒரு வரி ஓசையில்லாமல் வந்து உட்கார்ந்தது, அதற்குக் கீழே மற்றவை எல்லாம் ஒவ்வொரு படி இறங்கின. திரையின் அடியில் நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, எந்த ஊர் வேண்டும் என்று கேட்டுவிட்டு, மின்னும் கோட்டோடு, அவசரமில்லாமல். அவள் பதில் அடிக்கவில்லை. நாற்காலியை மேசையிலிருந்து ஒரு முழம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வலது விரல்கள் தாமாக ஒருமுறை மடங்கி நீண்டன. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவை எழுந்து போய்விடாதபடி அவற்றின்மேல் நன்றாக அழுத்தி உட்கார்ந்துகொண்டு, வாசல் கதவைப் பார்க்கத் தொடங்கினாள்.